அகத்தியர் மலைக்கு மூட்டை கட்டுவது

எவர்சில்வர் பாட்டிலைச் சமையலறைக் குழாயடியில் பிடிக்கும்போதே எனக்கு மலை ஏறத் தொடங்கிவிட்ட மாதிரி இருக்கும். திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டுக் குழாயில் வருவது அருவிக்கரையில் சுத்திகரித்து அனுப்பும் தண்ணீர். அருவிக்கரைக்கு அதைக் கொண்டுவந்து சேர்ப்பது கரமனையாறு. பேப்பாறை அணையையும் தாண்டி மேலே போனால், அந்த ஆறு அகத்தியர்கூடத்தின் மேற்குச் சரிவில் பாறைக்குப் பாறை தாவும் ஓடையாக இருக்கிறது. பஸ்ஸில் அறுபது கிலோமீட்டர் போய், அதற்கு மேல் காட்டுக்குள் நடந்து, அந்த ஓடையில் இதே பாட்டிலை மறுபடி நிரப்பப் போகிறேன்.

அகத்தியர்கூடத்தின் உயரம் 1,868 மீட்டர். திருநெல்வேலிக்காரர்களுக்கு இது பொதிகை. கிழக்கே தாமிரபரணி இறங்குகிறது, மேற்கே கரமனையாறும் நெய்யாறும். மலையைச் சுற்றி இரண்டு மாநிலங்களிலுமாகப் பரந்திருக்கும் 3,500 சதுர கிலோமீட்டர் காடு 2001இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2016இல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் சேர்ந்தது. யுனெஸ்கோ கணக்குப்படி இங்கே 2,254 வகை உயர்தாவரங்கள் இருக்கின்றன. அவற்றில் நானூறு வகை இந்தப் பகுதிக்கே சொந்தம்.

நினைத்த நாளில் போய்விட முடியாது. ஜனவரி நடுவில் தொடங்கி பிப்ரவரி முடியும் வரைதான் முக்கியமான நடைக் காலம். வனத்துறையில் முன்பதிவு செய்து, மருத்துவச் சான்றிதழ் வாங்கி, வழிகாட்டியோடுதான் போக வேண்டும். இந்தக் குறுகிய காலத்துக்கு மழைதான் காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையின் வடகோடியில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தால் அரை வருடத்துக்கு மேல் வறட்சி. இங்கே அப்படியில்லை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு, நடுவில் கோடைமழை என்று வானம் மலையை நனைத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் இத்தனை செடி கொடிகள். அதனால்தான் மனிதன் நடப்பதற்கு மழை விட்டுத்தருவதும் சில வாரங்கள் மட்டும்.

இந்த மூட்டையை நான் பல வருடம் என் அண்ணனுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அப்போது பெண்களுக்கு அனுமதி கிடையாது. சாலைக் கடைத்தெருவில் உப்பும் புகையிலையும் வாங்கி வந்து, அவலும் வெல்லமும் பொட்டலம் போட்டு, பஸ் ஏற்றிவிட்டுத் திரும்புவேன். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2019 ஜனவரியில் தன்யா சனல் உச்சி ஏறினார், அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஏறிய முதல் பெண் அவர்தான். அன்றைய பத்திரிகைப் படத்தை நான் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்து என் பையை நானே கட்டத் தொடங்கினேன். அண்ணனுக்குக் கட்டியபோது ‘எது வேண்டும்’ என்று கேட்டதோடு சரி. எனக்குக் கட்டியபோதுதான் ‘எதனால் வேண்டும்’ என்று கேட்டேன்.

போட்ஸ்வானாவில் வேலை பார்க்கும் அத்தான் ஒருவர் எனக்கு இருக்கிறார். அங்கே சஃபாரி போகிறவர்களுக்குக் கொடுக்கும் பட்டியலை அனுப்பிவைத்தார். அதில் இரண்டு விஷயங்கள் என்னை நிறுத்தின. ஒன்று, சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஆகாது, மெத்தென்ற துணிப்பைதான், அதுவும் இருபது கிலோவுக்குள். காட்டுக்குள் இறங்குவது சின்ன விமானம், அதன் வயிற்றில் பையை அமுக்கித்தான் திணிப்பார்கள். இன்னொன்று, சாம்பியா, ஜிம்பாப்வே பக்கம் போனால் நீலமும் கறுப்பும் உடுத்தாதே. தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈக்கு அந்த இரண்டு நிறங்களும் பிடிக்கும், அதைப் பிடிக்க வைக்கும் பொறிகளையே நீலத்துணியாலும் கறுப்புத்துணியாலும்தான் தைக்கிறார்கள். ஓர் ஈயின் கண் மனிதர்களின் துணிமணியைத் தீர்மானிக்கிறது! நம் காட்டில் செட்சி ஈ இல்லை. இங்கே பையைத் தீர்மானிப்பது வேறொரு உயிர். அதற்கு வருகிறேன்.

முதலில் எடை. பத்து கிலோ மூட்டையை ஆயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவைக்கத் தேவைப்படும் ஆற்றல் சுமார் 23 கிலோ கலோரி. நம் தசை, உண்பதில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்று வைத்தாலும் நூறுக்குள் அடங்கிவிடும். ஒரு தோசை! அப்படியிருக்க மூன்றாம் நாள் தொடை ஏன் அப்படி வலிக்கிறது? ஏற்றத்தைவிட இறக்கம்தான் காரணம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. சுருங்கி வேலை செய்வதைவிட நீண்டு வேலை செய்வதில்தான் தசைநார்கள் நுணுக்கமாகக் கிழிகின்றன. அந்த வலி உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்து உச்சத்துக்கு வரும். நடை தொடங்கும் போனக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரை சுமார் பதினைந்து கிலோமீட்டர், மறுநாள் உச்சிக்கு இன்னும் ஆறு, பிறகு அத்தனையும் இறக்கம். பையில் ஒவ்வொரு கிலோவும் முழங்காலில்தான் வந்து நிற்கும். வழியெல்லாம் ஓடைகள் இருப்பதால் ஒரு லிட்டர் பாட்டில் போதும். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, இரண்டாவது பாட்டில் வேண்டவே வேண்டாம். முகாமில் கஞ்சியும் பயறும் கிடைக்கும். பிளாஸ்டிக்கைப் போனக்காட்டிலேயே பையைத் திறந்து பார்த்து எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். அதனால் அவலையும் வறுத்த கடலையையும் துணிப்பையில்தான் கட்டுகிறேன்.

பாதையில் அட்டையாறு என்று ஓர் ஓடை இருக்கிறது. பெயரைக் கேட்டதுமே தமிழருக்கும் மலையாளிக்கும் ஒரே சமயத்தில் கால் கூசும். உலர்ந்த மாதங்களில் அட்டைகள் குறைவு, ஆனால் ஓடைக்கரை ஈரத்தில் எப்போதும் சில காத்திருக்கும். நான் முதல் தடவை அங்கே குனிந்து பார்த்தேன். ஒரு சருகின் நுனியில் பின்பக்க உறிஞ்சியை ஊன்றி, உடலை மெல்லிய நூல் மாதிரி நீட்டி, முன்பக்கத்தைக் காற்றில் இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டிருந்தது. நான் மூச்சு விட்டதும் என் பக்கம் திரும்பியது. மூச்சில் வரும் கரியமில வாயு, உடல் சூடு, காலடி அதிர்வு, விழும் நிழல், இந்த நான்கையும் அது உணர்கிறது. தலையில் ஐந்து ஜோடிக் கண்கள். கடிப்பது மூன்று தாடைகளால், ஒவ்வொன்றும் சின்ன ரம்பம். அதனால் காயம் மூன்று கிளையாகப் பிரியும்.

கடித்தது ஏன் தெரிவதில்லை, ரத்தம் ஏன் நிற்பதில்லை என்பதுதான் விஷயம். 1884இல் ஜான் பெரி ஹேகிராஃப்ட் என்பவர், மருத்துவ அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத ஒரு பொருள் இருப்பதைக் கண்டார். பின்னாளில் அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. ரத்தம் உறைவதற்குத் திராம்பின் என்ற நொதி வேண்டும், ஹிருடின் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய விடாது. காட்டு அட்டைகளிடமும் இதே வேலை செய்யும் பொருள் இருக்கிறது. இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சையில் பயன்படும் பைவாலிருடின் என்ற மருந்து ஹிருடினை மாதிரியாக வைத்து உருவாக்கியது. நம் சித்த வைத்தியத்தில் அட்டை விடுதல் என்று ஒரு முறையே உண்டு.

அதைவிட எனக்கு வியப்பு தந்தது வேறு. குடித்த ரத்தத்தை அட்டை மெதுவாகத்தான் செரிக்கும், அதில் இருக்கும் டிஎன்ஏ மாதக்கணக்கில் அழியாது. 2012இல் ஓர் ஆய்வுக் குழு வியட்நாம் காட்டில் பிடித்த 25 அட்டைகளைச் சோதித்தது. 21 அட்டைகளில் பாலூட்டிகளின் டிஎன்ஏ கிடைத்தது. அந்தக் காட்டில் வைத்திருந்த கேமராக்களில் அகப்படாத ஓர் அரிய வரிமுயலும் அதில் இருந்தது. காட்டின் வருகைப்பதிவேட்டை அட்டை தன் வயிற்றில் எழுதி வைத்திருக்கிறது. அட்டையாற்றில் என்னைக் கடித்த அட்டைக்குள் கேளையாடும் கருமந்தியும் நானும் பக்கத்துப் பக்கத்துப் பக்கங்களில் இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போது அதன்மீது கோபம் வரவில்லை.

சரி, பைக்கு வருவோம். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால்வரை வரும் அட்டைக் காலுறை. அது போதும். அண்ணனுக்கு நான் கட்டிய உப்பும் புகையிலையும் அட்டையை விழச் செய்யும் என்பது நிஜம். அட்டையின் தோல் ஈரமானது, உப்பு பட்டதும் அதன் உடல்நீர் வெளியே இழுக்கப்படுகிறது. ஆனால் கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமீது உப்பைப் போட்டால் குடித்ததைக் காயத்திலேயே கக்கிவிடும். அதனால் இப்போது உப்பை எடுப்பதில்லை. ஒல்லியான முனைதான் வாய், அதன் ஓரத்தில் நகத்தை வைத்துச் சறுக்கிவிட்டால் பிடி விட்டுவிடும். பிறகு கழுவி, அமுக்கிப் பிடித்துக் கட்ட வேண்டும்.

வாசனை சோப்பும் பவுடரும் வீட்டிலேயே இருக்கட்டும். ஆப்பிரிக்க யானையின் மரபணுத் தொகுப்பில் மணம் நுகரும் ஏற்பிகளுக்கான மரபணுக்கள் 1,948 இருப்பதாக 2014இல் எண்ணிச் சொன்னார்கள். நாய்க்கு 811, நமக்கு 396. நம் யானையும் அந்தக் குடும்பம்தான். அதிருமலையைச் சுற்றி ஆழமாக அகழி வெட்டியிருக்கிறார்கள், யானை தாண்டாதபடி. முகாமுக்கு மேலே பாதை ஈற்றைக் காட்டுக்குள் நுழைகிறது. ஈற்றை மூங்கிலுக்குத் தம்பி மாதிரி, மெல்லிசு, தலைக்கு மேல் அடர்ந்து கிடக்கும். யானைக்கு அது விருந்து. பத்தடிக்கு அப்பால் எது நின்றாலும் நமக்குத் தெரியாது. எங்கள் வழிகாட்டி காணிக்காரப் பழங்குடியைச் சேர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும். அங்கே வந்ததும் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தி, மூக்கை லேசாகத் தூக்கி முகர்ந்துவிட்டு, “பைய வாங்க” என்றார். நாஞ்சில் நாட்டில் என் பாட்டி சொல்லும் அதே ‘பைய’.

ஒரு கம்பளிச் சட்டை கட்டாயம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சராசரி ஆறரை டிகிரி குறையும். கடற்கரையில் இருக்கும் நமக்கும் உச்சிக்கும் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம். அதற்கு மேல் காற்று. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைமீது முட்டி மேலே ஏறுகிறது, ஏறும்போது விரிகிறது, விரிந்ததும் குளிர்ந்து மஞ்சாகிறது. வெயிலில் வேர்த்து நனைந்த பருத்திச் சட்டையோடு அந்த மஞ்சுக்குள் நின்றால் நடுங்கிப்போவோம். தண்ணீர் காற்றைப்போல் இருபத்தைந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பருத்தி தண்ணீரை விடாது, கம்பளி நனைந்தாலும் உள்ளே கொஞ்சம் காற்றைப் பிடித்துவைத்திருக்கும்.

அடுத்தது திசைகாட்டி. வழிகாட்டி கூடவே வரும்போது அது தேவையில்லைதான். நான் அதை எடுத்துப் போனது ஒரு மனிதரின் நினைவாக.

ஜான் ஆலன் பிரௌன், ஸ்காட்லாந்துக்காரர். சுவாதித் திருநாள் 1837இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய வானிலை, வானியல் ஆய்வகத்துக்கு 1852இல் தலைவராக வந்தார். நகரத்தின் அருங்காட்சியகமும் மிருகக்காட்சிசாலையும் பிறந்ததில் அவருக்குப் பங்குண்டு. அவருடைய மனமெல்லாம் காந்த முள்ளில். முள் எப்போதும் வடக்கைக் காட்டி அசையாமல் நிற்கும் என்று நாம் நினைக்கிறோம். நுட்பமாக அளந்தால், அது நாள்தோறும் சூரியனுக்குத் தக்கபடி கிழக்கும் மேற்குமாகத் துளி அசைவது தெரியும். உயரத்தில் அந்த அசைவு மாறுமா? இதைத் தெரிந்துகொள்ள 1855இல் அகத்தியர் மலை உச்சியில் ஓர் ஆய்வகம் கட்டினார். கீழே திருவனந்தபுரத்திலும் மேலே மலையிலும் ஒரே சமயத்தில் அளந்து ஒப்பிட்டார். 1874இல் அந்த அளவீடுகள் புத்தகமாக வந்தன.

அந்த மூட்டையை நினைத்துப் பாருங்கள். பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் காற்றழுத்தமானிகள், காந்தங்கள், வெப்பமானிகள், கட்டடத்துக்கு வேண்டிய பலகைகள். காந்தத்தை அளக்கும் இடத்தில் சுற்றிலும் இரும்பு ஆகாது. இன்றைக்கும் உச்சிக்கு முந்தைய பாறைச் சரிவுகளில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏறுகிறோம். இரண்டு கையும் வேண்டும் என்பதால் பெரிய பையை முகாமிலேயே விட்டுவிட்டு, தண்ணீரும் கம்பளியும் மட்டும் எடுத்துப் போகச் சொல்கிறார்கள். அந்தக் காட்டு வழியில் தலைச்சுமையாக அத்தனையையும் கொண்டு சேர்த்தவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் இருந்தால் அதைத்தான் முதலில் படிப்பேன்.

பிரௌன் காலத்திலேயே தெரிந்த விஷயம், திருவனந்தபுரம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஒரு காந்த முள்ளை மேலும் கீழும் சாயும்படி தொங்கவிட்டால் வடமுனை செங்குத்தாகக் குத்த வருகிற மாதிரி கீழே சரியும். இங்கே ஏறக்குறையப் படுத்துக் கிடக்கும். பூமியின் காந்தக் கோடுகள் நம் தலைக்கு மேல் தரைக்கு இணையாக ஓடுகின்றன. அதனால் நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஆறு மாதிரி ஓடுகிறது. 1963 நவம்பர் 21இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அந்த மீனவர் கிராமத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இந்தக் காந்த நடுக்கோடுதான். பிரௌன் மலைமேல் ஏறித் தேடிய கேள்வியின் தொடர்ச்சியைத் தும்பாவில் மேலே அனுப்பினார்கள். உச்சியில் அகத்தியர் சிலைக்கு முன்னால், காற்று உடையைப் பிய்த்துக்கொண்டு போக, நான் திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். முள் நடுங்கி நின்றது. சுற்றிலும் மரங்கள் என் தோளுயரம்தான், காற்றுக்கும் மண்ணின் மெலிவுக்கும் பணிந்து குறுகியவை.

எங்கள் வழிகாட்டியின் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோளில் ஒரு துணிப்பை, இடுப்பில் வெட்டுக்கத்தி, அவ்வளவுதான். எங்கள் எல்லார் பையிலும் இருந்ததில் பாதி, அவருக்குக் காட்டிலேயே இருந்தது.

1987 டிசம்பரில் இதே மலையில் தாவரவியலாளர் பி. புஷ்பாங்கதன் குழு காணிக்காரர்களை வழிகாட்டிகளாக வைத்து நடந்துகொண்டிருந்தது. ஆய்வாளர்கள் ஓய்ந்துபோனார்கள், காணிக்காரர்கள் சோராமல் நடந்தார்கள். இடையிடையே ஏதோ ஒரு சிறு காயைப் பறித்து மெல்லுவதைக் கவனித்துக் கேட்டார்கள். காணிக்காரர்கள் முதலில் சொல்லத் தயங்கினார்கள், அது தம் முன்னோர் வழி வந்த ரகசியம். பிறகு காட்டிக்கொடுத்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. தாவரவியல் பெயர் டிரைகோபஸ் சைலானிகஸ். தரையோடு வளரும் சின்னச் செடி, வள்ளிக்கிழங்கு வகைகளின் குடும்பம். இலைக்காம்பின் மேலேயே பூவும் காயும் ஒட்டியிருக்கும். நான் வழியில் பார்த்தபோது, வழிகாட்டி காட்டியிராவிட்டால் மிதித்துப் போயிருப்பேன்.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் இதன் இலையோடு வேறு மூலிகைகளும் சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. கோவை ஆரிய வைத்தியப் பார்மசிக்கு 10 லட்ச ரூபாய் உரிமத் தொகைக்கும் 2 சதவீத உரிமைப் பங்குக்கும் தயாரிக்கும் அனுமதி தந்தது. கிடைத்ததில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாயிற்று. 1997இல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளை பதிவானது. பழங்குடி அறிவுக்கு ஓர் ஆய்வு நிறுவனம் பங்கு கொடுத்ததற்கு உலகமெங்கும் முன்னுதாரணமாகச் சொல்லப்பட்டது இது. பின்னால் இலை பறிப்பதில் சிக்கல்கள் வந்தன, எதிர்பார்த்த பணம் வரவில்லை. என் மனதில் அது ஒரு குறையாகவே இருக்கிறது. அத்தானின் ஊரிலும் இதே கதை உண்டு. கலகாரிப் பாலைநிலத்தில் சான் மக்கள் வேட்டைக்குப் போகும்போது பசியும் தாகமும் தெரியாமலிருக்க ஹூடியா என்ற கள்ளி மாதிரிச் செடியை மெல்லுவார்கள். தென்னாப்பிரிக்க அரசின் ஆய்வு அமைப்பு 1990களில் அவர்களைக் கேட்காமலே அதற்குக் காப்புரிமை வாங்கியது. 2003இல்தான் அவர்களுக்கும் பங்கு என்று ஒப்பந்தம் ஆனது. காட்டுவழி காட்டுகிறவர் என்ன மெல்லுகிறார் என்பதை எந்த சஃபாரிப் பட்டியலும் கேட்பதில்லை.

மூன்றாம் நாள் இறங்கும்போது கரமனையாற்றில் பாட்டிலை நிரப்பினேன். விரல் மரத்துப்போகும் குளிர். பாறையிடுக்கில் கண்ணாடி மாதிரி ஓடியது. வெளியே வரும்போது பிளாஸ்டிக்கை எண்ணிப் பார்த்தார்கள், என்னிடம் எதுவுமில்லை. வீட்டுக்கு வந்து பாட்டிலை அண்ணன் கையில் கொடுத்தேன். முழங்கால் தேய்ந்து, அவன் மலைப்பக்கம் போய்ப் பல வருடமாகிறது. அண்ணாந்து ஒரே மூச்சில் பாதியைக் குடித்தான். மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு என் காலைப் பார்த்தான்.

“அட்டை எத்தனை?” என்று கேட்டான்.

“மூணு” என்றேன்.